கூடத்து ஏசிக்குக் கதவு போடலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில், மூன்றாவது மாடியில், பழைய ஃபிளாட் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். கூடம் 18 அடிக்கு 11 அடி. முன்பு இருந்தவர்கள் விட்டுச் சென்ற ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, வாசற்கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற நீளச் சுவரில் இருக்கிறது. அதிலிருந்து வெள்ளை டேப் சுற்றிய குழாய் 9 அடி தூரம் சுவரின் மேலேயே ஓடிப் பால்கனிக்குப் போகிறது. அந்தச் சுவருக்கு ஆசை ஆசையாக அடர் செங்காவி வண்ணம் அடித்தோம். அதன் பிறகு ஏசி இன்னும் துருத்திக்கொண்டு தெரிகிறது. தை மாதம் மகளுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். ஏசியைச் சுற்றி ப்ளைவுட் பெட்டி செய்து, சட்டக் கதவு போட்டு மூடிவிடலாம், 38,000 ரூபாய் ஆகும் என்கிறார் தச்சர். 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். என் கணவரோ, "ஏசி என்றால் ஏசி மாதிரித்தான் இருக்கும், விடு" என்கிறார். பால்கனியில் காபியோடு உட்கார்ந்தால் அவுட்டோர் யூனிட் வேறு காலடியில் கிடக்கிறது. இரண்டையும் மறைக்க நல்ல வழி சொல்லுங்கள்.

- வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று புகைப்படங்களையும் பார்த்தேன். முதல் வேலையாகத் தச்சரைக் கூப்பிட்டுப் பெட்டியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஆளையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியை ஒரு காலத்தில் நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. அண்ணா நகரில் ஒரு வீடு. கூடத்தில் ஏசி இருப்பதே தெரியக் கூடாது என்றார் வீட்டுக்காரர். தேக்குச் சட்டத்தில் பின்னல் வேலை செய்த கதவு, பக்கங்களில் பலகை, மேலே தூசி விழாமல் இன்னொரு பலகை, கீழே மட்டும் காற்று வர ஒரு திறப்பு. பார்ப்பவர்கள் எல்லாரும் உள்ளே சுவாமி இருக்கிறாரா என்று கேட்டார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மே மாதம் வந்தது. ஏசி ஓடுகிற சத்தம் கேட்கிறது, கூடம் குளிரவில்லை. பெட்டிக்குள் கையை விட்டால் மார்கழி, சோபாவில் உட்கார்ந்தால் அக்னி நட்சத்திரம். இரண்டே மாதத்தில் பெட்டியின் அடிப்பலகை ஈரம் குடித்து உப்பி, உள்ளே கருப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. சர்வீசுக்கு வந்த மெக்கானிக், ஏசியின் முன்மூடியைத் தூக்க இடமில்லாமல், என் பின்னல் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அது மறுபடி மாட்டப்படவே இல்லை. மரத்தையும் கூலியையும் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

நான் செய்த தவறு, ஏசி எங்கே மூச்சு இழுக்கிறது என்று பார்க்காதது. கீழே ஊதுவது எல்லாருக்கும் தெரிகிறது. அதை வைத்துக் கீழே மட்டும் வழி விட்டேன். இன்று மாலை நீங்களே பாருங்கள். ஏசியை ஓடவிட்டு, ஸ்டூலில் ஏறி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நெளிந்து நெளிந்து மேலே போக வேண்டிய புகை, அங்கே போனதும் தலையைத் திருப்பிக்கொண்டு, மேலே உள்ள சல்லடைக்குள் விறுவிறுவென்று இறங்கும். கூடத்தின் சூடான காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. வடிகட்டியைத் தாண்டி, குளிர்ந்த கம்பிச்சுருளைத் தொட்டு, கீழ்வாய் வழியாக வெளியே வருகிறது. ஒரு நிமிடம் பார்த்தால் போதும். வடிகட்டிக்கு அதற்கு மேல் ஊதுபத்தி காட்ட வேண்டாம்.

அந்த மேல்வழியை அடைத்துவிட்டால், கீழே வந்த குளிர்காற்று எங்கும் போக மாட்டாமல் பெட்டிக்குள்ளேயே சுற்றி மறுபடி மேலேறி உள்ளே நுழையும். அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கும் சென்சாரும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும். பெட்டிக்கு வெளியே இருக்கும் உங்களை அல்ல. 24 டிகிரி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பழைய வகை என்றால் கம்ப்ரசரை நிறுத்திவிடும், இன்வெர்ட்டர் வகை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ரிமோட்டில் இன்னும் நான்கு டிகிரி குறைப்பீர்கள். ரிமோட்டின் கதிரும் கதவுச் சட்டத்தில் பட்டுப் பாதி நேரம் உள்ளே போகாது.

ஏசி ஓடும்போது கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று தச்சர் சொல்வார். எல்லாத் தச்சர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னையில் கூடத்து ஏசி எப்போது ஓடும்? நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, விருந்தாளி வந்திருக்கும்போது. அதாவது பார்க்க ஆள் இருக்கும் நேரமெல்லாம் கதவு திறந்து கிடக்கும், யாரும் இல்லாதபோது மூடியிருக்கும். அதற்கு 38,000 ரூபாய் அதிகம்.

நிச்சயதார்த்தத்தன்று கணக்கு இன்னும் மோசம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது, ஒரு பழைய குண்டு பல்பைப் போல. கூடத்தில் 40 பேர் கூடினால் 4,000 வாட். உங்கள் ஒன்றரை டன் ஏசி முழு மூச்சாக உழைத்தால் வெளியேற்றக் கூடியது 5,200 வாட் அளவுதான். மீதம் இருக்கிற கொஞ்சத்தில் வெயிலையும் விளக்குகளையும் அடுப்படிச் சூட்டையும் சமாளிக்க வேண்டும். வருகிற ஜனத்துக்கு அது சிங்கிள் ஆளாகப் பந்தி பரிமாறுகிற நிலைமை. அன்றைக்குப் பார்த்து அதன் மூக்கைப் பிடிக்கலாமா?

டன் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஏசியின் டன்னுக்கும் அதன் எடைக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு திறன் என்று பொருள். சென்னைக்கு அந்தப் பனிக்கட்டியே கப்பலில் வந்து இறங்கிய காலம் உண்டு. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்தார்கள். அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அன்று மூடி வைத்ததால் குளிர்ச்சி நின்றது. இன்று மூடி வைத்தால் குளிர்ச்சி நின்றுவிடும்.

இனி உங்கள் சுவருக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அவருடைய கூடத்தில் கண்ணை உறுத்துவது ஏசி அல்ல, அந்தக் குழாய். இரண்டாவது புகைப்படத்தில் ஏசியை உங்கள் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். சுவர் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கும். குழாயை மறைத்துவிட்டுப் பாருங்கள். பரவாயில்லை என்று தோன்றும். டேப் மஞ்சளாகி, மூன்று இடத்தில் பிரிந்து, நடுவில் தொட்டில் கட்டியதுபோல் தொய்ந்து கிடக்கிறது. அந்தத் தொய்வு அழகுக் குறை மட்டும் அல்ல. ஏசியின் தண்ணீர்க் குழாயும் அதே கட்டுக்குள்தான் போகிறது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், அடைக்கும். அடைத்தால் தண்ணீர் திரும்பி உங்கள் சோபா மேல்தான் சொட்டும். சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினால் ஒரு வாளி தண்ணீர் சர்வசாதாரணமாக வரும் என்பதை மறக்க வேண்டாம்.

குழாயைச் சுவருக்குள் புதைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். புது வீடு கட்டும்போது நானும் அதைத்தான் செய்கிறேன். இங்கே வேண்டாம். இரண்டு செம்புக் குழாய், அவற்றின் நுரை உறை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் சேர்ந்தால் கைமுட்டி அளவு வரும். உங்கள் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலச் சுவர் போலத் தெரிகிறது. அதில் 9 அடி நீளத்துக்குக் குறுக்கே மூன்று அங்குல ஆழம் காடி வெட்டினால் சுவரில் மிச்சம் என்ன இருக்கும்? வழியில் தூண் வேறு இருக்கிறது. அதைத் தொடவே கூடாது.

நான் சொல்வது இது. முதலில் மெக்கானிக்கை வரவழைத்துக் குழாயை நேர் செய்யுங்கள். கிழிந்த நுரை உறையை முழுக்க மாற்றச் சொல்லுங்கள். ஸ்பிளிட் ஏசியில் இரண்டு செம்புக் குழாய்களுமே குளிர்ந்திருக்கும். உறை இல்லாத இடத்தில் வியர்த்துச் சுவரை நனைக்கும். தண்ணீர்க் குழாய் பால்கனிப் பக்கம் 9 அடிக்கு ஓர் அங்குலமாவது சரிந்து இறங்க வேண்டும். மெக்கானிக் "சரியாத்தான் இருக்கு" என்பார். ஒரு குவளைத் தண்ணீரை ஏசியின் தட்டில் ஊற்றச் சொல்லி, பால்கனியில் நின்று அது வருகிறதா என்று நீங்களே பாருங்கள். வந்த பிறகு பணம் கொடுங்கள்.

அடுத்துத்தான் தச்சர். ஏசியின் கீழ்ப்பாதி உயரத்தில் தொடங்கிப் பால்கனிக் கதவு வரைக்கும், ஏழு அங்குல உயரத்தில் நேர்க்கோடாக ஒரு பெல்மெட் அடிக்கச் சொல்லுங்கள். திரைச்சீலைக்கு மேலே அடிக்கிறோமே, அதே பெல்மெட்தான். இங்கே கொஞ்சம் நீளமாகப் போகிறது. குழாய் அதற்குள் சரிவாகப் போகட்டும், வெளியே பலகை மட்டம் பிசகாமல் இருக்கட்டும். ஓர் அங்குலச் சரிவை ஏழு அங்குலப் பலகை விழுங்கிவிடும். பால்கனிக் கதவுக்கு மேல் அதுவே திரும்பித் திரைச்சீலைக்குப் பெல்மெட்டாகிவிடும். வாசலில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது சுவரோடு போகிற ஒரு கோடு. அதன் முனையில் ஏசி. இப்போது அந்த ஏசி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது போல் இருக்கிறது. கோட்டோடு சேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம் வந்துவிடும். ஏசிக்கு முன்னாலும் மேலேயும் பலகை ஒரு நூல் கூட வரக் கூடாது. மேலே இப்போது ஆறு அங்குலம் திறந்திருக்கிறது, அதுவே கைவைக்காமல் இருக்கட்டும். இரண்டு பக்கமும் நான்கு அங்குலமாவது விட்டுத்தான் எந்த மரவேலையும்.

முன்பலகையை ஆணி அடித்து மூடிவிடாமல் ஸ்க்ரூவில் மாட்டச் சொல்லுங்கள். இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 வாயு லேசாகத் தீப்பற்றும் தன்மை கொண்டது; உங்கள் ஏசியில் எது என்று பக்கவாட்டு ஸ்டிக்கரில் போட்டிருக்கும். எந்த வாயுவானாலும் குழாய் இணைப்புகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

பிறகு வண்ணம். செங்காவிச் சுவரில் வெள்ளை ஏசி, பாட்டியின் வாயில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பல் போலத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? உங்கள் செங்காவி நல்ல வண்ணம். தூக்கி எதிர்ச்சுவரில், சோபாவுக்குப் பின்னால் அடியுங்கள். ஏசி இருக்கும் சுவர் வெள்ளைக்குப் பக்கத்தில் போகட்டும். வெறும் வெள்ளை கேட்டு வாங்கிவிடாதீர்கள். பல வருடம் ஆன ஏசியின் பிளாஸ்டிக் பழுத்துப் புழுங்கலரிசி நிறத்துக்கு வந்திருக்கும். பளிச்சென்ற வெள்ளைச் சுவரில் அது அழுக்காகத் தெரியும். கடையில் வண்ண அட்டையை வாங்கி வந்து, ஏசியின் முன்மூடியோடு ஒட்டிவைத்து, மாலையில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கட்டம் மூடியோடு கரைந்து போகிறதோ அதுதான் உங்கள் சுவரின் நிறம். பெல்மெட்டுக்கும் அதே வண்ணம். மரத்தின் ரேகை தெரிய வேண்டும், பாலீஷ் போட வேண்டும் என்று தச்சர் ஆசைப்படுவார். வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டிய பொருளுக்கு எதற்கு அலங்காரம்?

ஏசிக்கே பெயின்ட் அடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சல்லடையிலும் காற்றுத் தகடுகளிலும் வண்ணம் பட்டால் ஒட்டிக்கொண்டு அசையாது, உரிந்தால் உள்ளே போகும். முன்மூடியின் சமதளத்தில் மட்டும் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதில் தீங்கில்லை, ரிமோட் கதிரை வாங்கும் சின்னக் கண்ணை விட்டுவிட்டு. ஆனால் தஞ்சாவூர் ஓவியம் அச்சிட்ட ஸ்டிக்கரெல்லாம் இப்போது வருகிறது. தலையில் சல்லடையும் வாயில் தகடும் வைத்துக்கொண்டு வெண்ணெய் தின்னும் கிருஷ்ணரைப் பார்த்தேன். கிருஷ்ணருக்கும் மரியாதை இல்லை, ஏசிக்கும் இல்லை. பிளாஸ்டிக் கொடி சுற்றுவதும் வேண்டாம், மூன்றே மாதத்தில் ஒட்டடைத் தோரணமாகிவிடும். பால்ஸ் சீலிங் அடித்து ஏசியை அதற்குள் ஏற்றுவது வேறு இயந்திரம், வேறு செலவு. ஒன்பதரை அடிக் கூடத்தில் ஓர் அடியைக் கூரைக்குக் கொடுத்துவிட்டு ஃபேனை எங்கே மாட்டுவீர்கள்?

பால்கனிக்கு வாருங்கள். உள்ளே இருக்கும் யூனிட்டை மூடினால் குளிர்ச்சி மட்டும்தான் போகும். வெளியே இருப்பதை மூடினால் கம்ப்ரசரே போய்விடும். கூடத்திலிருந்து எடுத்த வெப்பம் முழுவதையும் அது பின்பக்கத்திலிருந்தும் ஒரு பக்கவாட்டிலிருந்தும் காற்றை இழுத்து, முன்னால் ஊதி வெளியேற்ற வேண்டும். உங்கள் மூன்றாவது புகைப்படத்தில் அதன் விசிறிக்கு நேர் எதிரே ஒரு போர்வை காய்கிறது. சீக்கிரம் காய்கிறதே என்று கொடியை அங்கே கட்டியிருப்பீர்கள், எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். இன்றே இடம் மாற்றுங்கள். விசிறிக்கு முன்னால் மூன்று அடியாவது வெட்டவெளி வேண்டும். உங்களுக்கு அங்கே கம்பித் தடுப்புதான், காற்று தெருப்பக்கம் போய்விடுகிறது. கைப்பிடிச் சுவராக இருந்திருந்தால் யூனிட்டைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் நாற்காலி போடும் இடத்திலிருந்து யூனிட்டின் பக்கவாட்டும் தலையும்தான் தெரிகின்றன. ஆகவே அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தடுப்பு போதும். ஓர் அங்குலப் பட்டைகளை மூன்று அங்குல இடைவெளி விட்டுக் குறுக்கே அடித்த சட்டம். யூனிட்டிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி நிற்கட்டும். முன்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். அலுமினியப் பட்டை நல்லது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் இரும்பை நினைக்கவே கூடாது என்பேன். மடிப்பாக்கத்திலும் மழைச்சாரல் படுகிற இரும்பு நாலு வருடத்தில் சிவந்துவிடும். மேலே செடி வைக்க ஆசை என்றால், சட்டத்தின் மேல் ஒரு பலகையை யூனிட்டுக்கு மேலே நன்றாக உயர்த்திப் போட்டு அதில் வையுங்கள். யூனிட்டின் தலையில் தொட்டியை நேராக வைத்தால் தண்ணீர் வழிந்து தகடு துருப்பிடிக்கும், அதிர்வில் தொட்டியும் நகரும். விசிறி ஊதுகிற பக்கம் எந்தச் செடியும் தாங்காது, கருகிவிடும்.

புறாக்கள் ஒரு விஷயம். யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து அவற்றுக்கு ரொம்பப் பிடித்த பிரசவ அறை. பக்கத்தில் ஒரு தடுப்பும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பால்கனிக்குப் புறா வலை போடாமல் தடுப்பு அடிக்காதீர்கள். அதே சமயம் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் யூனிட் முதலில் வெளியே போக வேண்டும். தெருவிலிருந்து தெரிகிற மாதிரி எதை அடிப்பதானாலும் உங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடித்த பிறகு கழற்றச் சொன்னால் மனம் கசக்கும்.

நிச்சயதார்த்தப் புகைப்படங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏசிச் சுவருக்கு எதிர்ச்சுவரில் உட்கார வையுங்கள். அங்கேதான் இப்போது செங்காவி வரப்போகிறது. பட்டுப்புடவைக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி கிடையாது. புகைப்படக்காரர் ஏசிக்குக் கீழே நிற்பார். ஒரு படத்திலும் அது விழாது, அவருக்கும் வியர்க்காது. அன்று ஏசியின் மேல் பூச்சரம் மட்டும் போட்டுவிடாதீர்கள், உதிர்ந்த இதழ்களை உள்ளேயிருந்து எடுக்க மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். காலையில் எட்டு மணிக்கே ஏசியைப் போட்டுக் கூடத்தைக் குளிரவைத்துவிடுங்கள். ஆட்கள் வந்த பிறகு போட்டால் அதனால் பிடிக்க முடியாது.

வேலைகளின் வரிசை முக்கியம்: மெக்கானிக், தச்சர், பிறகு பெயின்டர். கார்த்திகை பாதியில் தொடங்கினால் மார்கழிக்குள் முடியும். பெயின்டரை முதலில் விட்டுவிட்டால் தச்சர் துளைபோட்ட தூசிக்கு மறுபடி ஒரு கை அடிக்க வேண்டிவரும். தச்சருக்குக் கொடுத்த 5,000 ரூபாய் வீணாகாது. பெல்மெட்டுக்கும் பால்கனிச் சட்டத்துக்கும் புதிதாக விலை எழுதி வாங்குங்கள், பெட்டிக்கு ஆகும் பலகையில் கால்வாசி கூட இதற்குத் தேவைப்படாது. அலுமினியம் தன் வேலை இல்லை என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள், பால்கனி தை கழிந்து பார்த்துக்கொள்ளலாம். பெல்மெட்டை மாட்டுகிற அன்று மட்டும் நீங்கள் வீட்டில் இருங்கள். அவர் பழக்கத்தில் கை ஆணிக்குத்தான் போகும்.